லேப்ல மெட்டல் அரிப்பை அளக்க எந்த முறையை எடுக்கறது? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

லேப்ல பொட்டென்ஷியோஸ்டாட் (மெட்டலோட வோல்டேஜை நாம சொல்ற இடத்துல வச்சு கரண்ட்டை அளக்கற மெஷின்) இருக்கு, அதுலயே எல்லாத்தையும் முடிச்சிடலாமா?

முடிக்கலாம், ஆனா அது நீங்க கேக்கற கேள்விக்கு பதிலா இருக்குமான்னு முதல்ல பாக்கணும். பெரும்பாலானவங்க மெஷின்லேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க, இருக்கற மெஷின்ல என்ன டெஸ்ட் ஓடுமோ அதை ஓட்டிட்டு அப்புறம் அந்த நம்பருக்கு ஒரு அர்த்தம் தேடறாங்க. எதிர்ப்பக்கத்துலேர்ந்து வாங்க. உங்களுக்கு தெரிய வேண்டியது வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தேயுதுங்கற வேகமா, இல்ல ஓட்டை விழுமா விழாதாங்கறதா, இன்ஹிபிட்டர் (அரிப்பைக் குறைக்க திரவத்துல சேக்கற கெமிக்கல்) போட்டா குறையுதாங்கறதா, ரெண்டு அலாய்ல எது தேவலாம்ங்கறதா, இல்ல ஏன் அரிக்குதுங்கற மெக்கானிசமா? இந்த ஒவ்வொண்ணுக்கும் முறை வேற. அடுத்தது, அரிப்பு மெட்டல் முழுக்க ஒரே சீரா நடக்குதா, சில புள்ளிகள்ல மட்டும் குழி பறிக்குதா? மூணாவது, திரவம் கரண்ட்டை கடத்துமா? இந்த மூணுக்கும் பதில் கையில இருந்தா பாதி முறைகள் தானா விலகிடும்.

வெயிட் லாஸ் (மெட்டலை ஊறப் போட்டு எவ்வளவு எடை குறைஞ்சுதுன்னு பாக்கறது) பழைய காலத்து முறை, இன்னும் அதை பண்ணணுமா?

பண்ணணும். நான் அடிச்சு சொல்லுவேன், எந்த எலக்ட்ரோகெமிக்கல் டெஸ்ட் பண்ணாலும் பக்கத்துல சில கூப்பன்களை, அதாவது எடை போட்ட சின்ன மெட்டல் துண்டுகளை, அதே திரவத்துல ஊறப் போடுங்க. ஏன்னா மெட்டல் எவ்வளவு போச்சுன்னு நேரடியா சொல்ற முறை அது, எலக்ட்ரோகெமிக்கல் முறையெல்லாம் கரண்ட்டையும் வோல்டேஜையும் அளந்து ஒரு சில அனுமானங்களை வச்சு மெட்டல் இழப்பா மாத்தற கணக்கு.

ஃபார்முலா சின்னதுதான்: 87600-ஐ எடை இழப்பால பெருக்கி, பரப்பளவு, நேரம், அடர்த்தி மூணோட பெருக்கலால வகுங்க. எடை கிராம்ல, பரப்பு சதுர சென்டிமீட்டர்ல, நேரம் மணியில, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு கிராம்ல இருந்தா விடை வருஷத்துக்கு மில்லிமீட்டர்ல வரும். எம்பிஒய்ல (வருஷத்துக்கு எத்தனை மில், அதாவது அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) வேணும்னா, 1 எம்பிஒய்ங்கறது வருஷத்துக்கு 0.0254 மிமீ.

ஒரு கணக்கு போட்டு பாருங்க, முறையோட எல்லை எங்க இருக்குன்னு புரியும். 5 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கார்பன் ஸ்டீல் கூப்பனோட மொத்த பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். வருஷத்துக்கு 0.1 மிமீ வேகத்துல அரிச்சா ஒரு நாளைக்கு சுமார் 6 மில்லிகிராம் போகும், ஒரு வாரத்துக்கு 42 மில்லிகிராம், தராசுல தாராளமா தெரியும். அதே கூப்பன் 0.001 மிமீ வேகத்துல அரிச்சா ஒரு வாரத்துக்கு 0.4 மில்லிகிராம்தான், அது கழுவறப்ப போற எடையிலயே காணாம போயிடும். அந்த மாதிரி மெதுவான சிஸ்டத்துக்கு வெயிட் லாஸை மட்டும் நம்பி ஒரு வாரத்துல முடிவு சொல்ல முடியாது.

அப்ப எத்தனை நாள் ஊற வைக்கணும்?

ஏஎஸ்டிஎம் (டெஸ்ட் தரவிதிகளை வெளியிடற அமைப்பு) ஜி31-ல ஒரு கைக்கணக்கு இருக்கு, எதிர்பார்க்கற அரிப்பு வேகம் வருஷத்துக்கு இத்தனை மிமீன்னா 50-ஐ அதால வகுத்தா குறைந்தபட்ச மணி நேரம் வரும். 0.1 மிமீன்னா 500 மணி, அதாவது மூணு வாரம். 0.01 மிமீன்னா 5000 மணி, ஏழு மாசம் கிட்ட. நிறைய அரிக்கறதுக்கு கம்மி நேரம், கொஞ்சமா அரிக்கறதுக்கு நிறைய நேரம், அவ்வளவுதான். நிறைய பேர் எல்லாத்துக்கும் 24 மணி நேரம்னு போட்டுடறாங்க, முதல் நாள் மேல் படலம் உருவாகறதுக்கு முன்னாடி வேகம் அதிகமா இருக்கும், அதை அப்படியே வருஷக் கணக்கா பெருக்கினா ஊதிப்போன நம்பர்தான் கிடைக்கும். ஒரே தொட்டியில நிறைய கூப்பன் போட்டு வெவ்வேற நாள்ல எடுத்து பாத்தா வேகம் காலத்தோட குறையுதா கூடுதான்னு தெரியும், இது ஒரு தடவை எடுக்கறதை விட ரொம்ப மேல்.

திரவத்தோட அளவையும் மறந்துடாதீங்க. சதுர சென்டிமீட்டருக்கு குறைஞ்சது 20 மில்லிலிட்டர் வேணும், மேல சொன்ன கூப்பன் ஒண்ணுக்கே 560 மில்லி ஆகுது. சின்ன பீக்கர்ல நாலு கூப்பனை திணிச்சா கரைஞ்ச இரும்பே திரவத்தோட குணத்தை மாத்திடும், அப்புறம் நீங்க அளக்கறது வேற ஏதோ ஒரு திரவத்துல நடக்கற அரிப்பு.

துருவை எப்படி எடுக்கறது? தேய்ச்சு எடுத்தா போதுமா?

தேய்ச்சா கீழ உள்ள மெட்டலும் போகும். ஏஎஸ்டிஎம் ஜி1-ல ஒவ்வொரு மெட்டலுக்கும் தனித்தனி கழுவல் கரைசல் இருக்கு. இரும்பு, ஸ்டீலுக்கு வழக்கமா எடுக்கறது கிளார்க் கரைசல்: ஒரு லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 20 கிராம் ஆன்டிமனி ட்ரையாக்சைடு, 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடு, அறை வெப்பத்துல 1 லேர்ந்து 25 நிமிஷம், நல்லா கலக்கிட்டே. ஃபியூம் ஹூட் இல்லாம இதை தொடாதீங்க, ஆன்டிமனி விஷம்.

இதுல முக்கியமான விஷயம் அரிக்காத ஒரு புது கூப்பனையும் அதே மாதிரி கழுவி, கழுவல்ல மட்டும் எவ்வளவு எடை போகுதுன்னு பாத்து கழிக்கறது. இன்னும் சரியா பண்ணணும்னா ஒரே கூப்பனை திரும்பத் திரும்ப கழுவி ஒவ்வொரு தடவையும் எடை போட்டு கிராஃப் போடுங்க, முதல்ல செங்குத்தா இறங்கி அப்புறம் சாய்வு மாறி நேர்கோடா போகும், அந்த முறிவுதான் துரு முடிஞ்சு மெட்டல் கரைய ஆரம்பிச்ச இடம்.

எல்பிஆர், டாஃபெல், இஐஎஸ், மூணுல எதை எடுக்கறது?

திரும்பத் திரும்ப, நாள் கணக்குல, அதே சாம்பிளை கெடுக்காம பாக்கணும்னா எல்பிஆர் (லீனியர் போலரைசேஷன் ரெசிஸ்டன்ஸ்). ஓபன் சர்க்யூட் பொட்டென்ஷியலுக்கு (வெளியிலேர்ந்து கரண்ட் விடாதப்ப மெட்டல் தானா நிக்கற வோல்டேஜ்) மேலயும் கீழயும் 10 லேர்ந்து 20 மில்லிவோல்ட் மட்டும் நகத்தறீங்க, சாம்பிளுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். இன்ஹிபிட்டர் போட்டதும் வேகம் எப்படி இறங்குது, எத்தனை மணி நேரம் தாங்குதுங்கற மாதிரி டிரெண்ட் பாக்கறதுக்கு இதைவிட சௌகரியமானது கிடையாது. ஸ்கேன் வேகம் செகண்டுக்கு 0.167 மில்லிவோல்ட், அவசரப்பட்டு கூட்டினா டபுள் லேயர் (மெட்டல் மேற்பரப்புல கெபாசிட்டர் மாதிரி இருக்கற அடுக்கு) சார்ஜ் ஆகற கரண்ட்டும் சேந்து அரிப்பு அதிகமா இருக்கற மாதிரி காட்டும்.

டாஃபெல் ஸ்கேன் (வோல்டேஜை ரொம்ப தூரம் இழுத்து, கரண்ட்டோட லாக் கிராஃப்ல வர்ற நேர்கோட்டுலேர்ந்து வேகத்தை எடுக்கறது) சாம்பிளை கெடுத்துடும். ரெண்டு பக்கமும் 250 மில்லிவோல்ட் வரை இழுத்தப்புறம் அந்த மேற்பரப்பு பழைய மேற்பரப்பு இல்ல, அதனால அதை கடைசியா பண்ணுங்க, முடிஞ்சா ஆனோட் பக்கத்துக்கும் (மெட்டல் கரையற பக்கம்) கேத்தோட் பக்கத்துக்கும் (எதிர் ரியாக்‌ஷன் நடக்கற பக்கம்) தனித்தனி சாம்பிள் எடுங்க. ஆசிட்ல ஸ்டீல் மாதிரி சுத்தமான சிஸ்டத்துக்கு டாஃபெல் அழகா வரும். காத்தோட தொடர்பு இருக்கற நடுநிலை உப்புத் தண்ணியில ஆக்சிஜன் வந்து சேர்ற வேகம்தான் எல்லாத்தையும் கட்டுப்படுத்தும், கேத்தோட் பக்கம் சரிவா வராம கரண்ட் ஒரு இடத்துல நின்னு செங்குத்தா போயிடும், அங்க டாஃபெல் கோடே இல்ல. ஆனாலும் சாஃப்ட்வேர் விடாது, எதையாவது ஃபிட் பண்ணி ஒரு டெகேடுக்கு (கரண்ட் பத்து மடங்கு மாறற தூரம்) 600 மில்லிவோல்ட்னு ஒரு சரிவை குடுக்கும், அதை அப்படியே பேப்பர்ல போடறவங்களும் இருக்காங்க. குறைஞ்சது ஒரு டெகேட் நேர்கோடு கண்ணால தெரியலைன்னா டாஃபெல் சரிவுன்னு எழுதாதீங்க.

இஐஎஸ் (எலக்ட்ரோகெமிக்கல் இம்பீடன்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோபி, பல ஃப்ரீக்வென்சில சின்ன ஏசி அலை விட்டு தடையை பாக்கறது) எதுக்குன்னா, ஒரே நம்பர் போதாதப்ப. கரைசலோட தடை, படலத்தோட தடை, சார்ஜ் மாற்றத் தடை, டிஃபியூஷன் எல்லாத்தையும் பிரிச்சு காட்டும். பொதுவா 10 மில்லிவோல்ட் அலை, 100 கிலோஹெர்ட்ஸ்லேர்ந்து 10 மில்லிஹெர்ட்ஸ் வரை. 10 மில்லிஹெர்ட்ஸ்ல ஒரு சுத்துக்கே 100 செகண்ட், 1 மில்லிஹெர்ட்ஸ் வரை போனா ஒரு சுத்துக்கு 1000 செகண்ட் ஆகும், அந்த நேரத்துல சிஸ்டமே மாறிட்டு இருந்தா கடைசிப் புள்ளிகளுக்கு அர்த்தம் இல்ல. கிராமர்ஸ்-க்ரோனிக் சோதனை (டேட்டா நம்பகமானதான்னு பாக்கற கணக்கு) ஓட்டிட்டு அப்புறம்தான் சர்க்யூட் ஃபிட்டிங்க்கு (டேட்டாவை ஒரு மின்சுற்று மாதிரியோட பொருத்தறது) போங்க. சர்க்யூட்ல எலமென்ட் சேக்க சேக்க ஃபிட் நல்லாத்தான் வரும், ஒவ்வொரு எலமென்ட்டும் மேற்பரப்புல எதைக் குறிக்குதுன்னு சொல்ல முடியலைன்னா அதை எடுத்துடுங்க.

எல்பிஆர்ல பி மதிப்பு (அளந்த தடையை அரிப்பு கரண்ட்டா மாத்தற எண்) 26 மில்லிவோல்ட்னு எல்லாரும் போடறாங்களே, அது சரியா?

ஸ்டெர்னும் கியரியும் 1957-ல குடுத்த சமன்பாட்டுல வர்றது அது, அரிப்பு கரண்ட் சமம் பி வகுத்தல் போலரைசேஷன் தடை (வோல்டேஜை கொஞ்சம் நகத்தறப்ப மேற்பரப்பு காட்டற தடை). ரெண்டு டாஃபெல் சரிவும் 120 மில்லிவோல்ட்னு வச்சா பி 26 வரும். உங்க சிஸ்டத்துல சரிவு வேறயா இருந்தா பி-யும் வேற, ஒண்ணுக்கு ரெண்டு மடங்கு வித்தியாசம் வர்றது சகஜம். டிரெண்ட் பாக்க இது பிரச்சனை இல்ல, ஏன்னா எல்லா நாளும் ஒரே பி-யாலதான் கணக்கு போடறீங்க. சரியான வேகம் வேணும்னா வெயிட் லாஸ் கூப்பனை வச்சு பி-யை நீங்களே கண்டுபிடிங்க. போலரைசேஷன் தடை சதுர சென்டிமீட்டர் கணக்குல 2600 ஓம்னா கரண்ட் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோ ஆம்ப், இரும்புக்கு 1 மைக்ரோ ஆம்ப் வருஷத்துக்கு 0.0116 மிமீ, அப்ப 0.116 மிமீ. பரப்பளவை பெருக்கறதுக்கு பதிலா வகுத்துட்டு திண்டாடறது இந்த இடத்துலதான், ஓமை பரப்பால பெருக்கணும்.

ஓபன் சர்க்யூட்ல எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

ஏஎஸ்டிஎம் ஜி59 ஒரு மணி நேரம் கிட்ட விட சொல்லுது. ஆனா கடிகாரத்தை பாக்காம கோட்டை பாருங்க, சரிவு நின்னுடுச்சா? ஸ்டெயின்லெஸ் மாதிரி படலம் கட்டற மெட்டலுக்கு பல மணி நேரம் கூட மெதுவா ஏறிட்டே இருக்கும்.

ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு (வோல்டேஜை எதோட ஒப்பிட்டு அளக்கறோமோ அந்த எலக்ட்ரோடு) எது வேணா வைக்கலாமா?

குளோரைடு இருக்கற கரைசல்ல கேலோமெல், சில்வர் குளோரைடு ரெண்டும் ஓகே, எது வச்சீங்கன்னு மட்டும் எழுதிடுங்க. ஹைட்ரஜன் எலக்ட்ரோடை பூஜ்யமா வச்சா சாச்சுரேட்டட் கேலோமெல் 0.241 வோல்ட், சாச்சுரேட்டட் சில்வர் குளோரைடு 0.197, ரெண்டையும் குழப்பினா 44 மில்லிவோல்ட் தப்பும். குளோரைடே இல்லாத கரைசல்ல பிட்டிங் (குழி விழற அரிப்பு) டெஸ்ட் பண்றப்ப இந்த ரெண்டுமே வம்பு, உள்ள இருக்கற பொட்டாசியம் குளோரைடு கசிஞ்சு நீங்க கேக்காமலே குழி ஆரம்பிச்சு வைக்கும், அங்க மெர்குரஸ் சல்ஃபேட் எலக்ட்ரோடு எடுங்க.

தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு, கடத்துத்திறன் கம்மி, அப்ப?

கரைசல் தடை உங்க அளவீட்டுல சேந்துக்கும். நிஜமான போலரைசேஷன் தடை 2000 ஓம், கரைசல் தடை 500 ஓம்னு வைங்க, மெஷின் 2500 காட்டும், அரிப்பு 20 சதவீதம் கம்மியா தெரியும். தடை 5000 ஓம் ஆனா சும்மாவே தப்பான படம். லகின் கேப்பிலரியை (ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை மெட்டல் கிட்ட கொண்டு போற மெல்லிய குழாய்) கிட்ட வைங்க, ஆனா முனையோட குறுக்களவுல ரெண்டு மடங்கு தூரத்தை விட கிட்ட போகாதீங்க, ரொம்ப ஒட்டிப்போனா அந்த இடத்துக்கு கரண்ட் போறதையே மறைச்சிடும். இஐஎஸ்ல அதிக ஃப்ரீக்வென்சி முனையில கரைசல் தடை நேரா கிடைக்கும், அதை கழிச்சிடலாம்.

என் அலாய்ல குழி விழுது, சராசரி வேகம் எதுக்கு?

எதுக்கும் இல்ல. பிட்டிங் நடக்கற சாம்பிளுக்கு வருஷத்துக்கு இத்தனை மிமீன்னு சராசரி சொல்றது ஏமாத்து வேலைன்னே சொல்லலாம், எடை இழப்பு ஒண்ணுமே இல்லாம இருக்கும், ஆனா ஒரே ஒரு குழி தகட்டை துளைச்சிருக்கும். இங்க கேள்வியே வேற: குழி எப்ப ஆரம்பிக்குது, எவ்வளவு ஆழம் போகுது, தானா நிக்குமா?

ஆரம்பிக்கற பொட்டென்ஷியலும் திரும்ப மூடிக்கற பொட்டென்ஷியலும் வேணும்னா சைக்ளிக் போலரைசேஷன், ஏஎஸ்டிஎம் ஜி61. மேல போய் கரண்ட் எகிறினதும் திருப்பிட்டு வர்றீங்க, திரும்பி வர்ற கோடு போன கோட்டை எங்க வெட்டுதோ அதுக்கு கீழ குழி மூடிக்கும். மெட்டல்களை வெப்பநிலையை வச்சு வரிசைப்படுத்தணும்னா ஏஎஸ்டிஎம் ஜி150, 1 மோலார் சோடியம் குளோரைடுல 700 மில்லிவோல்ட்ல புடிச்சு வச்சு நிமிஷத்துக்கு 1 டிகிரி ஏத்தி எந்த வெப்பத்துல கரண்ட் எகிறி நிக்குதுன்னு பாப்பீங்க. கருவி எதுவும் வேண்டாம், சும்மா தேறுமா தேறாதான்னு தெரிஞ்சா போதும்னா ஏஎஸ்டிஎம் ஜி48, 6 சதவீத ஃபெர்ரிக் குளோரைடுல 72 மணி நேரம். இது கொடூரமான டெஸ்ட், இதுல தோத்தா நிஜ சூழல்லயும் தோக்கும்னு அர்த்தம் இல்ல.

ஒரு எச்சரிக்கை. சாம்பிளை எப்பாக்ஸியில பதிச்சு டெஸ்ட் பண்றப்ப எப்பாக்ஸிக்கும் மெட்டலுக்கும் நடுவுல இருக்கற மயிரிழை இடுக்குல கிரெவிஸ் அரிப்பு ஆரம்பிச்சு, அதை பிட்டிங்னு எழுதறவங்க எக்கச்சக்கம். டெஸ்ட் முடிஞ்சதும் மைக்ரோஸ்கோப்ல ஓரத்தை பாருங்க, ஓரத்துல மட்டும் அரிச்சிருந்தா அந்த டேட்டாவை தூக்கிப் போடுங்க. கேஸ்கெட் ஓரத்துல சுத்தத் தண்ணியை மெதுவா விடற செல் இதுக்குன்னே இருக்கு.

ஆழத்துக்கு ஆப்டிகல் புரொஃபைலோமீட்டர் நல்லது, இல்லன்னா மைக்ரோஸ்கோப்ல மேல் விளிம்புலயும் குழி அடியிலயும் ஃபோகஸ் பண்ணி நகர்ந்த தூரத்தை எடுக்கலாம். சராசரி ஆழத்தோட நிறுத்தாம அதிகபட்ச ஆழத்தையும் எழுதுங்க, துளைக்கறது அதுதான்.

வெயிட் லாஸும் எல்பிஆரும் ஒத்துப்போகவே இல்ல, எதை நம்பறது?

முதல்ல ஒண்ணு, வெயிட் லாஸ் மொத்த காலத்தோட சராசரி, எல்பிஆர் அந்த நிமிஷத்து வேகம். கடைசி நாள் எல்பிஆரை மொத்த எடை இழப்போட ஒப்பிட்டா ஒத்துப்போகாது, எல்லா நாள் எல்பிஆரையும் காலத்தோட கூட்டி எடுத்து ஒப்பிடுங்க. அப்பவும் ரெண்டு மடங்குக்குள்ள இருந்தா நான் சந்தோஷமா ஏத்துப்பேன்.

அதுக்கு மேல தள்ளி இருந்தா காரணம் தேடணும். எல்பிஆர் அதிகமா காட்டுதுன்னா அரிப்பைத் தவிர வேற ஏதோ ரியாக்‌ஷன் கரண்ட்டை எடுத்துக்குது, சல்ஃபைடு இருக்கற திரவத்துல கறுப்பா கரண்ட் கடத்தற இரும்பு சல்ஃபைடு படலம் படிஞ்சா இப்படித்தான் ஆகும். எல்பிஆர் கம்மியா காட்டுதுன்னா கரைசல் தடையை கழிக்கலை, இல்ல அரிப்பு ஓரிடத்துல மட்டும் நடக்குது. சந்தேகம் தீரலைன்னா திரவத்தை எடுத்து ஐசிபி-யில (திரவத்துல எந்த மெட்டல் எவ்வளவு இருக்குன்னு சொல்ற கருவி) கரைஞ்ச மெட்டலை அளங்க, மூணாவது சாட்சி.

எண்ணெய்லயும் ஈரமான கேஸ்லயும் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி வேலை செய்யலையே?

செய்யாது, அயனிகள் போக தொடர்ச்சியா பாதை வேணும். அங்க இஆர் புரோப், அதாவது எலக்ட்ரிக்கல் ரெசிஸ்டன்ஸ். மெல்லிய கம்பியோ தகடோ தேயத் தேய தடை கூடும், அதை அளக்கறோம். வெப்பநிலை மாறினாலும் தடை மாறுங்கறதால உள்ள மூடி வச்ச ஒரு துண்டோட ஒப்பிட்டுதான் கணக்கு. வேகம் நிமிஷத்துல தெரியாது, நாள் கணக்குல சரிவா தெரியும். சல்ஃபைடு படிஞ்சா இங்க தலைகீழா, அரிப்பு கம்மியா காட்டும். இன்னும் நுணுக்கமா வேணும்னா குவார்ட்ஸ் கிரிஸ்டல் மைக்ரோபேலன்ஸ், 5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்ல 1 ஹெர்ட்ஸ் மாற்றம் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். மெல்லிய படலம் பூசின மெட்டல்தான் வைக்க முடியும், உங்க நிஜ அலாயை வைக்க முடியாதுங்கறது இதோட குறை.

சால்ட் ஸ்பிரேல 500 மணி நேரம் தாங்கினா எத்தனை வருஷம் தாங்கும்?

இதுக்கு பதில் கிடையாது. ஏஎஸ்டிஎம் பி117-ல 5 சதவீத உப்பு, 35 டிகிரி, இடைவிடாத மூடுபனி, காயறதே இல்ல. வெளியில மெட்டல் நனையுது, காயுது, வெயில் படுது, மழையில கழுவப்படுது. ஒரே பூச்சோட ரெண்டு பேட்ச்ல எது மோசம்னு பாக்க இது சரி, தரக் கட்டுப்பாட்டுக்கு சரி, ஆயுள் ஜோசியத்துக்கு சரிவராது. துத்தநாகப் பூச்சு இதுல அநியாயத்துக்கு மோசமா தெரியும், ஏன்னா அதை காப்பாத்தற கார்பனேட் படலம் உருவாக காஞ்ச நேரம் வேணும். நனையறதும் காயறதும் மாறி மாறி வர்ற சைக்ளிக் டெஸ்ட் பரவாயில்லை.

பெயிண்ட் பூச்சுக்கு எது?

இஐஎஸ். நல்ல பூச்சோட இம்பீடன்ஸ் 0.1 ஹெர்ட்ஸ்ல சதுர சென்டிமீட்டர் கணக்குல 10 கோடி ஓமுக்கு மேல இருக்கும், 10 லட்சத்துக்கு கீழ இறங்கினா தண்ணி உள்ள போயிட்டுதுன்னு எடுத்துக்கலாம், கண்ணுக்கு கொப்புளம் தெரியறதுக்கு முன்னாடியே இது தெரியும். ஃபாரடே கூண்டு (வெளி மின் இரைச்சலை தடுக்கற உலோகக் கூண்டு) கட்டாயம், இவ்வளவு சின்ன கரண்ட்ல பக்கத்து ஸ்டிரர் மோட்டார் கூட கிராஃப்ல வரும்.

ரெண்டு மெட்டல் சேந்து இருக்கு?

ஜீரோ ரெசிஸ்டன்ஸ் அம்மீட்டர் (தன் பங்குக்கு தடை சேக்காம கரண்ட்டை அளக்கறது) வழியா ரெண்டையும் இணைச்சு கரண்ட்டை நாள் கணக்குல பதிவு பண்ணுங்க, நிறைய பொட்டென்ஷியோஸ்டாட்லயே இந்த மோட் இருக்கு. பரப்பு விகிதம் நிஜத்துல எப்படியோ அப்படியே வைங்க, சின்ன ஆனோடும் பெரிய கேத்தோடும் சேந்தா ஆனோட் சீக்கிரம் போயிடும். அந்த கரண்ட் இணைப்பால கூடின அரிப்பை மட்டும்தான் சொல்லும், ஆனோட் தானா அரிக்கறதை சேக்காது.

மெக்னீசியத்துக்கும் இதே முறைதானா?

வேண்டாம். மெக்னீசியத்துல ஆனோட் பக்கம் இழுக்க இழுக்க ஹைட்ரஜன் குமிழ் கூடும், சாதாரண மெட்டல்ல நேரெதிரா நடக்கும், அதனால டாஃபெல் கணக்கு சறுக்கும். கவிழ்த்து வச்ச ஃபனலும் பியூரெட்டும் போட்டு ஹைட்ரஜனை புடிச்சு அளங்க. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நாளைக்கு 1 மில்லி வந்தா வருஷத்துக்கு 2 மிமீக்கு கொஞ்சம் மேல. கூடவே எடை இழப்பும்.

விரிசல், ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட் (ஹைட்ரஜன் உள்ள போய் மெட்டல் நொறுங்கறது) எப்படி பாக்கறது?

இது தனி உலகம். அரிப்பு வேகத்தை அளந்து விரிசலை கணிக்க முடியாது, வேகம் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கறப்பவே விரியும். யு வளைவு சாம்பிள் எளிது, சாம்பிளை உடையற வரை மெதுவா இழுக்கற எஸ்எஸ்ஆர்டி (ஸ்லோ ஸ்ட்ரெய்ன் ரேட் டெஸ்ட்) சீக்கிரம் முடிவு தரும், மெட்டலுக்குள்ள ஹைட்ரஜன் எவ்வளவு வேகமா ஊடுருவுதுன்னு தெரியணும்னா தேவநாதன்-ஸ்டாச்சுர்ஸ்கி இரட்டை செல்.

எத்தனை சாம்பிள் போடணும்?

குறைஞ்சது மூணு. பிட்டிங்க்கு மூணு பத்தாது, குழி விழறது அதிர்ஷ்டம் மாதிரி, அஞ்சுலேர்ந்து பத்து போட்டு மொத்த சிதறலையும் காட்டுங்க. எல்லாத்தையும் ஒரே கிரிட் தாள்ல தேய்ச்சு முடிங்க, 600 கிரிட் வழக்கம், ஒண்ணு 240-லயும் ஒண்ணு 1200-லயும் முடிச்சா நீங்க அளக்கறது தேய்ப்போட வித்தியாசத்தை.

ரிப்போர்ட்ல என்னெல்லாம் எழுதணும்?

அலாயோட கிரேடும் ஹீட் ட்ரீட்மென்ட்டும், மேற்பரப்பு தேய்ப்பு, பரப்பளவு, கரைசலோட கலவை, பிஎச், வெப்பநிலை, காத்து விட்டீங்களா நைட்ரஜன் விட்டீங்களா, கலக்கினீங்களா சும்மா விட்டீங்களா, ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு, ஸ்கேன் வேகம், ஓபன் சர்க்யூட் நேரம், பி மதிப்பு எங்கேர்ந்து வந்துச்சு, கரைசல் தடையை கழிச்சீங்களா. ஆக்சிஜன் விஷயத்தைத்தான் அதிகம் பேர் விட்டுடறாங்க, நடுநிலை தண்ணியில அரிப்பை ஓட்டறதே அதுதான், அது எழுதாத ரிப்போர்ட்டை வேற லேப்ல திரும்ப செஞ்சு பாக்க முடியாது. டெஸ்ட்டுக்கு அப்புறம் எடுத்த சாம்பிள் போட்டோ ஒண்ணும் கட்டாயம் வைங்க, கோடெல்லாம் அழகா இருந்து போட்டோவுல ஓரம் மட்டும் கறுத்துப் போயிருந்தா படிக்கறவங்களே புரிஞ்சுப்பாங்க.